போஸ்ட்மாஸ்டரம்மா பதில்கள்: பதினோரு குடம் தண்ணீர்

போன இதழில் ஒரு வாசகர் “எது நல்ல வாழ்க்கை?” என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். “கடன் இல்லாத வாழ்க்கை” என்று நானும் ஒற்றை வரியில் சொல்லிக் கையைக் கழுவிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. பாராட்டு கொஞ்சம், சண்டை மிச்சம். 34 வருஷம் தபாலாபீஸ் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து திட்டு வாங்கியவள் நான், புதுசு இல்லை. அதனால் இந்தத் தடவை ஆர்.டி. வட்டி, வராத பார்சல், பாஸ்புக்கில் தப்பாக விழுந்த இனிஷியல் எல்லாம் அடுத்த இதழுக்கு. இதை மட்டும் பேசுவோம்.

வாசகி, கோவை

*நான் சாத்தூர்ப் பக்கம். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மாசம் பிறந்தால் முதலில் சீட்டுப் பணம், அப்புறம்தான் அரிசி. கணவர் மயிலாடுதுறைக்காரர். வாரத்தில் 2 நாள் வீட்டில் விருந்தாளி. போன மாசம் 14,000 ரூபாய்க்கு ஒரு மிருதங்கம் வாங்கி வந்தார். வாசிக்கத் தெரியாது, இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போகிறாராம். கேட்டால் “வாழத்தானே சம்பாதிக்கிறோம்” என்கிறார். வீடு வாங்கப் பணம் சேர்க்கணும் என்கிறேன் நான். 3 வருஷமாக இதே சண்டை. உங்கள் பதிலைக் காட்டினேன். “அந்தம்மாவும் உங்க ஊர்ப் பக்கமாத்தான் இருக்கும்” என்று சிரிக்கிறார். யார் பக்கம் நியாயம்?*

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். நான் பிறந்தது விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டுக் கிராமம். வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி. விழாவிட்டால் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி. கோடையில் ஊருணி வற்றினால் வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோம். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். 9 வயசில் ஒரு நாள் வரும் வழியில் கல் தடுக்கிக் குடத்தைப் போட்டுவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. மணல் உறிஞ்சி முடிக்கும்வரை அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

1984-ல் கல்யாணம். அவரும் தபால் இலாகாதான், பயிற்சிக்குப் போன இடத்தில் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் இஷ்டமில்லாத கல்யாணம், அந்தக் கதை வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. திண்ணை, முற்றம், கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால். போன மறுநாள் விடியற்காலையில் மாமியார் வாசல் தெளித்தார். நான் நிலைக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். 11 குடம். வாசலுக்கு மட்டும் 11 குடம்! எனக்கு அழுகை வந்துவிட்டது. “என்னம்மா, ஊர் ஞாபகமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

பதிலுக்கு என் வீட்டுக்காரர் என் ஊருக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் வாசலில் இருந்த வாளித் தண்ணீர் முழுவதையும் கால், கை, முகம் என்று ஊற்றித் தீர்த்துவிட்டுத் துண்டு கேட்டார். வீடே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. மத்தியானம் அவருக்குக் கடையில் கடன் சொல்லி வாங்கிய பொன்னி அரிசிச் சோறு, எங்களுக்குக் கம்பஞ்சோறு. மனுஷர் ஆசையாக “எனக்கும் அதுல ஒரு உருண்டை குடுங்களேன்” என்று கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். மருமகன் நம் வறுமையைக் குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்கு. வாழ்நாளில் கடனே வாங்காதவள் அந்த அரிசிக்காகக் கடன் வாங்கியிருந்தாள் என்பது எனக்கே பிறகுதான் தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாஸ்புக் போட வருகிறவர்களிடம் எதுக்கும்மா, எதுக்குய்யா என்று பேச்சுவாக்கில் கேட்பேன். எந்த ஊராக இருந்தாலும் ஒரே பதில்தான்: “பிள்ளைகள் நல்லா இருக்கணும்.” அதை வைத்து ஆளைப் புரிந்துகொள்ள முடியாது. எதற்குக் கூச்சப்படுகிறார்கள் என்று பார்த்தால் ஊர் தெரியும், வளர்ந்த வீடு தெரியும். எங்கள் கரிசலில் அடுத்த வீட்டில் ஒரு படி தவசம் கடன் கேட்பது கூச்சம். என் மாமனாருக்கு வீட்டுக்கு வந்தவர் காபி குடிக்காமல் போனால் கூச்சம். வாசலில் வளையல் விற்க வந்தவர் என்றாலும் சரி. காரைக்குடிப் பக்கம் 3 வருஷம் வேலை பார்த்தேன். ஒரு ஆச்சி மொட்டை வெயிலில் அரை மைல் திரும்பி நடந்து வந்தார், நான் 50 காசு கூடக் கொடுத்துவிட்டேன் என்று. காசை வாங்கி வைத்தேன், போகவில்லை. “உங்க கணக்குல திருத்தியாச்சா?” என்று கேட்டு, நான் எழுதியதைப் பார்த்த பிறகுதான் போனார். நகரத்தார் வீடுகளில் கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. வீடு அரண்மனை மாதிரி ஒன்றுதான், ஆனால் அடுப்புத் தனி, கணக்குத் தனி, ஜோடிக்கு ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. அப்படி வளர்ந்தவருக்குக் கணக்கு இடித்தால் தூக்கம் வராது.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அவருக்கு விருந்தாளி வராத வீடு பயம். உங்களுக்கு வாடகை வீடு பயம். இரண்டு பேரும் பணத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அம்மா அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திருட்டுத்தனம் செய்தேன். மாசம் 50 ரூபாய், 5 வருஷ ஆர்.டி., அவருக்குத் தெரியாமல். ஒன்று முதிர்ந்தால் அடுத்தது, கூடவே கொஞ்சம் கிசான் விகாஸ் பத்திரம். அப்போது அது ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பாகும். தபாலாபீஸிலேயே வேலை பார்க்கும் புருஷனுக்குத் தெரியாமல் தபாலாபீஸில் சேமிப்பது லேசான காரியம் இல்லை. வேறு ஆபீஸில் என் தங்கை பேரைப் போட்டுக் கட்டினேன்.

2002-லும் 2003-லும் மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை போச்சு. மாமனாருக்கு 8 மா நிலம், அதாவது இரண்டே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 3 மா விற்றார். அந்த 2003 கார்த்திகையில் போய்ச் சேர்ந்தும் விட்டார். கருமாதிக்கு 300 இலை போட வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். கையில் காசு இல்லை. என் திருட்டுப் பணத்தில் 18,000 எடுத்துக் கொடுத்தேன். ஏது என்று அவர் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஆத்திரம். 300 இலை வாழைக்காயும் வடையுமாகக் குப்பையில் கிடந்ததைப் பார்த்து 10 நாள் யாருடனும் பேசவில்லை.

அடுத்த சாகுபடிக்கு ஒருத்தர் நாற்றுக்கட்டு கொண்டுவந்து வரப்பில் இறக்கினார். காசு வாங்கவில்லை. டிராக்டர்காரர் உழுதுவிட்டு டீசலுக்கு மட்டும் வாங்கினார். ஏன் என்றால், “பெரியவர் கையால எத்தனை காபி குடிச்சிருக்கேன்!” மாமனார் எங்கே சேர்த்து வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து என்றே வைத்து, ஊரெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி, முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள். இவர் நோட்டே இல்லாமல் அதைச் செய்திருக்கிறார். அதற்காக நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த 18,000 இன்னும் உறுத்துகிறது.

மிருதங்க விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். 6 மாசம் வகுப்புக்குப் போகிறாரா பாருங்கள், இல்லை என்றால் விற்றுவிடுங்கள். விருந்தாளி விஷயத்தில் அவர் பக்கம். மாசத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கேட்காதீர்கள், கணக்கும் கேட்காதீர்கள். வீட்டுக்கான சேமிப்பை இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள். என்னைப் போல் திருட்டு வேண்டாம். வீடு வாங்கிவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்றும் எண்ணாதீர்கள். எனக்குப் போகவில்லை.

வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

*“கடன் இல்லாத வாழ்க்கை” என்று நீங்கள் சொல்லலாம். உங்களுக்குச் சம்பளம் இருந்தது. என் அப்பாயி நடவு நட்டே முதுகு வளைந்தவர். கடன் வாங்காமல் ஒரு ஐப்பசி கார்த்திகை கடந்ததில்லை. அப்படியென்றால் அவர் வாழ்ந்தது நல்ல வாழ்க்கை இல்லையா? எங்கள் பக்கத்து விருந்தோம்பலைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் அந்த அரிசியை விளைவித்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதுவதில்லை.*

அடி சரியான இடத்தில் விழுந்தது தம்பி.

மேலே மாமனார் வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதிவிட்டு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். அதை அழிக்கவில்லை, இதைச் சேர்க்கிறேன். அந்தத் திண்ணையில் வளையல்காரருக்குக் காபி உண்டு. நடவாட்களுக்குக் கொல்லைப்புறம்தான், அதுவும் தனிக் குவளை. கல்யாணமான புதிதில் நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் வீணாவதை எண்ணத் தெரிந்த எனக்கு அந்தக் குவளையை எண்ணத் தோன்றவில்லை. அதுவும் வளர்ப்புதான். எங்கள் கரிசல் ஊரிலும் அந்தக் குவளை இருந்தது, பழகிப்போயிருந்தது. உங்கள் மாவட்டத்தில் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய தகராறு, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்ததில் போய் முடிந்தது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். திண்ணையில் உட்கார்ந்தவருக்குச் சோழநாடு சோறுடைத்து. சேற்றில் நின்றவருக்கு அது வேறு நாடு.

எனக்கு ஒரு பாட்டி ஞாபகத்துக்கு வருகிறார். உங்கள் அப்பாயி வயசுதான் இருக்கும். முதியோர் பென்ஷன் வாங்குகிறவர். 2011-ல் அதை 1,000 ரூபாயாக ஆக்கினார்கள். முதல் ஆயிரம் வந்த மாசம் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். ரவிக்கைத் துணி, மருந்து, பேரனுக்குத் தின்பண்டம், இதில் ஏதோ ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “பிளாஸ்டிக் நாக்காலி” என்றார். சிவப்புக் கலராம். அதை வீட்டுக்குள் போடவில்லை. வாசலில், தெருவைப் பார்க்கப் போட்டிருந்தார். தபால்காரர் சொல்லித்தான் தெரியும், சாயங்காலம் ஆனால் குளித்து, பொட்டு வைத்து, கால் மேல் கால் போடத் தெரியாமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்து அதில் உட்கார்ந்திருப்பாராம். தெருவில் போகிறவர்கள் என்ன பாட்டி என்று கேட்டால் “சும்மா” என்பாராம்.

உங்கள் அப்பாயி வாழ்ந்தது நல்ல வாழ்க்கையா என்று நான் சொல்லக்கூடாது. எது நல்ல வாழ்க்கை என்று அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள். போன இதழில் நான் எழுதிய ஒற்றை வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வாசகர், காஞ்சிபுரம்

*என் மகனுக்கு 4 வயது. எதற்கும் காத்திருக்க மாட்டான். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, “பொறுத்தால் இரண்டு” என்று சொல்லும் வீடியோவைப் பார்த்து நாங்களும் செய்தோம். 20 விநாடியில் வாயில் போட்டுவிட்டான். பொறுக்கத் தெரியாத பிள்ளை வாழ்க்கையில் முன்னேறாது என்கிறான் மைத்துனன். வளர்ப்பில் கோளாறா?*

மைத்துனரைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சோதனை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் என்ற மனவியலாளர் 50 வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. பொறுத்த பிள்ளைகள் பிற்பாடு பரீட்சையிலும் நன்றாகச் செய்தார்கள் என்று வந்ததும் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. 2018-ல் இன்னும் அதிகக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு நிலவரத்தையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. நாளைக்கும் டப்பாவில் மிட்டாய் இருக்கும் என்ற வீட்டுப் பிள்ளை பொறுக்கும். இன்றைக்கு விட்டால் அண்ணன் தின்றுவிடுவான் என்ற வீட்டில் உடனே தின்பதுதான் புத்தி.

அதைவிட எனக்குப் பிடித்தது 2022-ல் வந்த ஒரு ஆராய்ச்சி. ஜப்பானியப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் வைத்துச் செய்தது. தின்பண்டம் வைத்தால் ஜப்பான் பிள்ளைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். தாளில் சுற்றிய பரிசை வைத்தால் தலைகீழ், அமெரிக்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஜப்பானில் எல்லோர் தட்டிலும் சாப்பாடு வந்து, சேர்ந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் கை வைப்பார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசை வைத்துவிட்டு, நாள் வரும்வரை தொடாதே என்பார்கள். வீடு எதற்குப் பொறுக்கப் பழக்கியதோ அதற்குப் பிள்ளை பொறுக்கிறது.

நம் வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை வாசனை மூக்கைத் துளைக்கும், சாமிக்குப் படைக்கும்வரை தொட முடியாது. என் மகள் அப்படி ஒரு மணி நேரம் அடுப்படி வாசலில் நின்றிருக்கிறாள். அவள் மகன், பெங்களூரில் வளரும் 5 வயசுக்காரன், முறுக்குக்கு அரை நிமிஷம் நிற்க மாட்டான். ஆனால் ஆன்லைனில் பொம்மை ஆர்டர் போட்டுவிட்டு, “அவுட் ஃபார் டெலிவரி” என்று செல்போனில் வந்துவிட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜன்னலை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பான். தபால்காரி பேரன்.

உங்கள் பிள்ளை எதற்காவது காத்திருப்பான். அது என்ன என்று பாருங்கள்.

வாசகர், டொராண்டோ

*யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடா வந்து 27 வருசம். மகன் அக்கவுண்டிங் முடிச்சு நல்ல வேலையில இருந்தவன், இப்ப வேலையை விட்டுப்போட்டு பேக்கரி வைக்கப் போறன் எண்டு நிக்கிறான். “கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டில மேய்க்க வேணும்” எண்டு கேட்டு வளந்த எனக்கு மனம் ஏற்குதில்லை. அவன் என்னைப் பழமைவாதி எண்டுறான்.*

ஐயா, நீங்கள் பழமைவாதி இல்லை, ஆறு இல்லாத ஊர்க்காரர். எனக்கு அது புரியும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர், ஆளுக்குத் துண்டு துண்டாகக் காணி. நிலத்தை நம்பிப் பெரிதாக வளர முடியாத இடத்தில் பள்ளிக்கூடம் சீக்கிரமே வந்தது. அமெரிக்க மிஷன்காரர்கள் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் தொடங்கியது 1823-ல். படித்தவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளார்க்காக, ரயில்வே உத்தியோகத்துக்குப் போனார்கள். திரும்பி வந்து கல்வீடு கட்டிய ‘மலாயன் பென்சனியர்’ தெருவுக்கு ஒருத்தராவது இருந்திருப்பார். அந்தக் கோழிப் பழமொழி அங்கே வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. பிறகு 1981-ல் நூலகம் எரிந்தது, 1983-ல் கடைகளும் வீடுகளும். காணியும் வீடும் கடையும் ஒரே இரவில் போகும் என்று கண்ணால் பார்த்த தலைமுறைக்கு, எரியாத சொத்து சான்றிதழ் ஒன்றுதான். நீங்கள் மகனிடம் கேட்பது உத்தியோகம் இல்லை, எரியாத ஏதாவது ஒன்று.

அவனுக்கு அந்த நெருப்பு தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே கூட்டிக்கொண்டு போனீர்கள்?

இருந்தாலும் அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். காலையில் 3 மணிக்கு எழும்புவானா? பாண், அதாவது ரொட்டி, வேகும் இடத்தில் யாரும் 9 மணிக்கு வேலைக்கு வருவதில்லை. இரண்டாவது, முதல் 2 வருஷ வாடகை கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், கணக்குத் தெரிந்த பேக்கரிக்காரன். அந்த அக்கவுண்டிங் படிப்பு வீணாகவில்லை. பழமொழியில் கவர்மெண்ட் என்பதை அடித்துவிட்டாலும் கோழி மேய்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.

வாசகர், சிவகாசி

*உலக மகிழ்ச்சிப் பட்டியலில் வருஷா வருஷம் பின்லாந்துதான் முதலிடம். குளிர்காலம் வந்தால் இருட்டு, குளிர். அவர்களுக்கு என்ன அப்படி சந்தோஷம்?*

2018-லிருந்து 2025 வரை 8 வருஷமும் அவர்கள்தான் முதல். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் “சந்தோஷமா இருக்கீங்களா?” என்று கேட்டு வரிசை போடுவதில்லை. ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவுதான். உச்சிப்படியில் என்ன இருக்கிறது என்பதை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் மாடி வீடு கட்டியதும் என் உச்சிப்படி ஒரு அடி மேலே போய்விடும். பின்லாந்துக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் பள்ளிக்கூடச் செலவும் பெரும்பாலும் அரசாங்கத்தில் வந்துவிடுகிறது. ஏணி ஆடாது, அதனால் நிதானமாக எண்ணிச் சொல்கிறார்.

இதை எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். “ஏணியெல்லாம் எனக்கு எதுக்கும்மா? மூட்டு வலி. தரையிலதான் எனக்கு வியாபாரம்” என்றார். எத்தனை மார்க் போடுவது?

வாசகி, திண்டுக்கல்

*“பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்கிறார்களே, உங்களிடம் எத்தனை இருக்கிறது?*

அந்தப் பதினாறு செல்வங்களின் பட்டியல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் நோயின்மை உண்டு. சர்க்கரை வந்து 12 வருஷம். ஆக, 15-க்கு மேல் இல்லை. புறநானூற்றில் பிசிராந்தையாரிடம் இத்தனை வயசாகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்களாம். மனைவி மக்களையும், தான் நினைப்பதையே நினைக்கும் ஆட்களையும், அநியாயம் செய்யாத அரசனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் என் ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்றார். நான் மூன்று மாவட்டத்தில் குடியிருந்துவிட்டேன். எனக்கு 38 வயசிலேயே நரைத்துவிட்டது.

வாசகி, விளாத்திகுளம்

*ரிட்டயரானதும் நம்ம ஊருக்கு வந்திருக்கலாமே அக்கா? காவிரித் தண்ணி பழகிப்போச்சா?*

வரத்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு எங்கள் ஊர் வெயில் ஆகாது. எனக்கு இங்கே 40 வருஷமாகியும் மத்தியானத் தூக்கம் ஆகாது. பழகிப்போச்சா என்று கேட்டீர்களே, சொல்கிறேன். வீட்டில் மொட்டை மாடித் தொட்டி 1,000 லிட்டர். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். ஆனாலும் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு குடம் பிடித்து, தட்டு போட்டு மூடி, அடுப்படி மூலையில் வைத்துவிட்டுத்தான் படுப்பேன். எதற்கு என்று மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பாள். காலையில் அந்தத் தண்ணீரை எடுத்து அவர் வாசல் தெளிக்கிறார். மாமியார் போன பிறகு வாசல் அவர் வேலை. அந்த ஒரு குடத்தோடு நிறுத்த மாட்டார். குழாயையும் திறப்பார். நான் உள்ளே இருந்து எண்ணுவேன்.